தோட்டத்தில் ஒழுக்காற்று விசாரணை: தொழிலாளிக்காகப் பேசப் போகிறவர் எப்படித் தயாராவது?

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் தோட்டக் கமிட்டிக்குப் புதிதாகத் தெரிவான தலைவர். கொழுந்தை நிறுக்கிற மடுவத்தில், வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையைத் தகாத வார்த்தையால் ஏசினார், தராசைத் தள்ளினார், நிறுவையைத் தடுத்தார் என்று அங்குள்ள ஒரு அக்காவுக்குக் கடிதம் கொடுத்து வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணைக்கு நாள் குறித்தாகிவிட்டது. "நான் கூடப் போய் எப்படிப் பேசுவது? துரையிடம் பேசி முடிக்கலாமா? இதையெல்லாம் எங்கே பழகுவது?" என்பதுதான் கேள்வி. துரை என்றால் தோட்ட முகாமையாளர். நான் முதலில் தோட்டத்து ஒபிஸில் இருந்தேன், விசாரணைகளுக்குக் குறிப்பும் எழுதியிருக்கிறேன். பிறகு தொழிற்சங்கக் காரியாலயத்தில் தொழிலாளர் பக்கம் உட்கார்ந்து பல விசாரணைகளைப் பார்த்தேன். அந்த இரண்டு நாற்காலியிலிருந்தும் பார்த்ததைச் சொல்கிறேன்.

தம்பி, ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். விசாரணை அறையில் நீங்கள் பேசுவது துரைக்காகவோ விசாரணை அதிகாரிக்காகவோ மட்டும் அல்ல. அங்கே ஒருவர் எழுதிக்கொண்டிருப்பாரே, அந்தக் காகிதத்துக்காகத்தான் பேசுகிறீர்கள். நாளைக்கு அக்காவுக்கு வேலை போய்விட்டது என்று வையுங்கள். ஹட்டனிலோ வேறு ஊரிலோ தொழில் நியாய சபையில் வழக்குப் போட்டால், அன்றைக்கு நீங்கள் மேசையில் தட்டிய சத்தம் அங்கே கேட்காது. காகிதத்தில் இருப்பதுதான் கேட்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். தனியார் கம்பனி ஒரு தொழிலாளியை நீக்குவதற்கு முன் உள்ளக விசாரணை நடத்தியே ஆக வேண்டும் என்று எல்லாருக்கும் பொதுவான ஒரு சட்டம் இலங்கையில் இல்லை. பலர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு "விசாரணை வைக்காதது சட்டவிரோதம்" என்று கத்துவார்கள், அதனால் ஒன்றும் ஆகாது. பிறகு ஏன் கம்பனிகள் விசாரணை வைக்கின்றன? 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்க கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1957இல் வந்த திருத்தம்தான் தொழில் நியாய சபைகளை உருவாக்கியது. வேலை நீக்கப்பட்ட தொழிலாளி தானாகவோ, தன் சங்கத்தின் மூலமாகவோ அங்கே போகலாம். நீதியும் நியாயமுமான கட்டளை எதுவோ அதை இடுவதுதான் சபையின் கடமை. வேலை நீக்கத்தை நியாயப்படுத்துகிற பொறுப்பு முதலாளி பக்கம் இருக்கிறது. தோட்டத்து விசாரணையின் முடிவு அந்தச் சபையைக் கட்டுப்படுத்தாது, சாட்சிகளைப் புதிதாகக் கேட்பார்கள். ஆனால் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை ஒன்று சொல்லி, சபையில் வேறொன்று சொன்னால், அந்த முரண்பாட்டைக் காட்டக் கையில் இருப்பது தோட்டத்து விசாரணைக் குறிப்பு மட்டுமே. உங்கள் அக்காவுக்கும் அது பொருந்தும். அங்கே தடுமாறி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது அவரைக் கடைசிவரை துரத்தும்.

இன்னொரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாது. வேலை முடிவுறுத்தல் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, அந்தச் சட்டம் பொருந்துகிற இடத்தில் ஒழுக்காற்றுத் தண்டனையாக ஒருவரை நீக்கினால், நீக்கிய நாளிலிருந்து இரண்டாவது வேலை நாளுக்குள் காரணத்தை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். ஆகவே வாயால் "நாளையிலிருந்து பிரட்டுக்கு வராதே" என்று சொன்னால், மறுநாளும் பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்குப் போங்கள், இரண்டு பேரோடு போங்கள், திருப்பி அனுப்பினால் அதை எழுதிப் பதிவுத் தபாலில் துரைக்கு அனுப்புங்கள். அக்கா தானாக வேலைக்கு வராமல் நின்றுவிட்டார் என்று பிறகு சொல்ல இடம் கொடுக்கக்கூடாது.

சரி, கடிதத்துக்கு வருவோம். முதலில் வருவது பெரும்பாலும் விளக்கம் கேட்கும் கடிதம். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் விழுவது இங்கேதான். ஒபிஸில் ஒருவர் நல்ல மனதோடு, "மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடும்மா, துரை விட்டுவிடுவார்" என்று சொல்வார். அக்காவும் பிள்ளைகளை நினைத்து எழுதிக் கொடுப்பார். துரை விட்டால் சரி. விடாவிட்டால், அந்தக் கடிதமே குற்றத்தை ஒப்புக்கொண்ட வாக்குமூலம். கடிதம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் வாசித்து விளங்காமல் எதுவும் எழுதக்கூடாது. "கடிதம் கிடைத்தது, தமிழ் மொழிபெயர்ப்பும் முறைப்பாட்டின் பிரதியும் தாருங்கள், அது கிடைத்ததும் பதில் தருகிறேன், இதற்குக் கால அவகாசம் வேண்டும்" என்று மூன்று வரி போதும். கடிதத்தை வாங்க மாட்டேன் என்று மறுப்பதும் வேண்டாம். வாங்கி, தேதியும் நேரமும் பின்பக்கத்தில் குறித்து, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குற்றப் பத்திரிகை. இதை ஒவ்வொரு குற்றச்சாட்டாகப் பிரித்து வாசியுங்கள். உங்கள் விஷயத்தில் மூன்று இருக்கிறது: ஏசியது, தள்ளியது, நிறுவையைத் தடுத்தது. எந்த நாள், எந்த நேரம், எந்த மடுவம், என்ன வார்த்தை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். "ஒழுக்கக்கேடாக நடந்துகொண்டமை" என்று மட்டும் இருந்தால் அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. விவரம் கேட்டு எழுதுங்கள். அன்றைய நிறுவைப் புத்தகம், செக்ரோல் (வேலைநாள், சம்பளப் பதிவேடு), கொழுந்து லொறி போன நேரக் குறிப்பு, கணக்கப்பிள்ளை கொடுத்த முறைப்பாடு, அவர்கள் கூப்பிடப்போகும் சாட்சிகளின் பெயர் எல்லாவற்றையும் விசாரணைக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். கேட்டதற்கு அத்தாட்சி இருந்தால் போதும், கொடுக்காததைப் பிறகு சபையில் பேசலாம்.

லொறி நேரத்தை ஏன் சொல்கிறேன் என்றால், நிறுவையைத் தடுத்தார் என்பது குற்றச்சாட்டு. நிறுவை உண்மையில் நின்றிருந்தால் லொறி பிந்தியிருக்க வேண்டும், பெக்டரியில் கொழுந்து பிந்திச் சேர்ந்திருக்க வேண்டும். லொறி வழக்கமான நேரத்துக்குப் போயிருந்தால், மூன்று குற்றச்சாட்டில் ஒன்று அந்தக் காகிதத்தாலேயே ஆட்டம் காணும். தோட்டத்தில் எல்லாமே எங்காவது எழுதப்பட்டிருக்கும் என்பது ஒபிஸில் இருந்தபோது நான் கண்டது. துரைமாரின் பலமே அந்தப் புத்தகங்கள்தான். அதே புத்தகம் தொழிலாளிக்கும் சாட்சி சொல்லும், கேட்கத் தெரிந்தால்.

இனி அக்காவோடு உட்காருங்கள். லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் பத்துப் பேர் சுற்றி நிற்க வேண்டாம். மாதர் சங்கத் தலைவி ஒருவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஏசியது என்ன வார்த்தை என்று ஒரு பெண் உங்களிடம், அதுவும் ஒரு இளம் பையனிடம், நேராகச் சொல்லத் தயங்குவார். முதலில் அவர் போக்கில் முழுவதும் சொல்ல விடுங்கள், குறுக்கே பேசாதீர்கள். இரண்டாவது முறை சொல்லும்போது நேரத்தோடு எழுதுங்கள். மூன்றாவது சுற்றில்தான் கஷ்டமான கேள்விகள்: "அக்கா, உண்மையாகவே என்ன வார்த்தை சொன்னீங்க? தராசில கை பட்டுச்சா? முன்னாடி எப்பவாவது எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருக்கீங்களா?" கம்பனி எப்படியும் கேட்கப்போவதை நீங்கள் முதலில் கேட்டுவிட வேண்டும். விசாரணை மேசையில்தான் உங்களுக்கே அது தெரியவருமானால் நீங்கள் தொலைந்தீர்கள்.

அக்கா சொல்கிறார் என்று வைப்போம்: "காலையிலிருந்து மழை. சாக்குக்கும் தண்ணிக்கும் என்று மூணு கிலோ கழிச்சாங்க. எல்லாருக்கும் ரெண்டு, எனக்கு மட்டும் மூணு. கேட்டேன். 'உனக்குக் கணக்குத் தெரியுமா'ன்னார். கோபத்தில ஒரு வார்த்தை சொல்லிட்டேன். தராசைத் தொடவே இல்ல." இப்போது உங்கள் நிலைப்பாடு கிடைத்துவிட்டது. முதல் குற்றச்சாட்டில் கோபத்தில் ஒரு வார்த்தை வந்தது, அதற்கு ஒரு தூண்டுதல் இருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் முழுமையாக மறுப்பு. மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு மறுத்தால், அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட ஐந்து பேரைக் கூட்டிவந்து அக்காவை முழுப் பொய்க்காரியாக்கிவிடுவார்கள். சின்ன உண்மையை ஒப்புக்கொள்கிறவர் பெரிய விஷயத்தை மறுக்கும்போது அந்த மறுப்புக்கு எடை வரும். ஆனால் எதை ஒப்புக்கொள்வது என்பதை முடிவு செய்வது அக்கா. நீங்கள் விளைவைச் சொல்லலாம், தீர்மானம் அவருடையது.

மடுவத்துக்கு நேரில் போங்கள். தராசு எங்கே, வாசல் எங்கே, கணக்கப்பிள்ளை எந்தப் பக்கம் நிற்பார், வரிசை எப்படி வரும் என்று ஒரு படம் வரையுங்கள். சாட்சி தேடுவதில் அவசரம் வேண்டாம். நாளைக்கு யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது என்பது கணக்கப்பிள்ளை கையில். பார்த்தவர்கள் எல்லாரும் அவருக்குக் கீழேதான் வேலை செய்கிறார்கள். பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதிகம் பேரைக் கூப்பிட்டால் ஒருவருக்கொருவர் முரணாகச் சொல்லி உங்களையே கவிழ்ப்பார்கள். அருகில் நின்ற இரண்டு பேர் போதும். சேவைக்காலம் கூடியவராக, அக்காவின் சொந்தக்காரர் அல்லாதவராக இருந்தால் நல்லது. அவர்களுக்கு வசனம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் இரண்டாவது கேள்வியிலேயே அது தெரிந்துவிடும்.

விசாரணைக்கு யார் போகலாம்? கம்பனிக்குக் கம்பனி வழக்கம் மாறும். சில இடங்களில் சங்கப் பிரதிநிதி கேள்வி கேட்கலாம். சில இடங்களில் பார்வையாளராக உட்காரலாம், வாய் திறக்க முடியாது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று சம்பள நிர்ணய சபை வழியாகத் தீர்மானமானபோது கம்பனிகள் தொழிற்சங்கங்களோடு செய்திருந்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. ஆகவே "ஒப்பந்தத்தில் இருக்கிறது" என்று பழைய நினைப்பில் பேசாமல், உங்கள் கம்பனியில் இப்போது நடைமுறையில் என்ன இருக்கிறது என்று சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். பிரதிநிதி வேண்டும் என்று அக்கா கையெழுத்திட்ட கடிதம் முன்கூட்டியே போகட்டும். மறுத்தால், விசாரணை தொடங்கியதும் அக்காவின் முதல் வாக்கியம் இதுவாக இருக்க வேண்டும்: "எனக்காகப் பேச ஒருவரைக் கேட்டிருந்தேன், மறுத்துவிட்டார்கள், இதைக் குறித்துக்கொள்ளுங்கள் ஐயா." குறித்துக்கொண்டால் அதுவே ஒரு வெற்றி.

தலைவர் ஒருவர் துரை முன்னால் உட்கார்ந்து பேசுவது இன்றைக்குச் சாதாரணம். அது சும்மா வந்ததல்ல. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் போராட்டத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். தோட்டமெங்கும் வேலைநிறுத்தங்கள் நடந்த அதே ஆண்டில்தான் துரைமார் தரப்பும் தொழிற்சங்கங்களும் ஏழு அம்ச உடன்படிக்கைக்கு வந்தன. சங்கத்தின் பெயரில் பேசப்போகிறவர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. விசாரணை மேசையில் இதைப் பேச்சாக வைக்காதீர்கள், அங்கே அதற்கு வேலை இல்லை.

மேசையில் விசாரணை அதிகாரியாக யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். முறைப்பாடு கொடுத்தவரோ, சம்பவத்தை நேரில் பார்த்தவரோ விசாரிக்கக்கூடாது. சின்னத்துரையே (உதவி முகாமையாளர்) அன்று மடுவத்தில் நின்றிருந்து, அவரே விசாரிக்க வந்தால், மரியாதையாக ஆட்சேபம் சொல்லி அதைக் குறிக்கச் செய்யுங்கள். வெளிநடப்பு மட்டும் வேண்டாம். நம்மவர்களுக்கு வெளிநடப்பு மிகவும் பிடிக்கும், தோட்டத்தில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் நீங்கள் எழுந்து போனபின் விசாரணை ஒருதலையாக நடந்து முடியும், கணக்கப்பிள்ளை சொன்னதை யாரும் குறுக்குக் கேள்வி கேட்காத ஒரு குறிப்புதான் மிஞ்சும்.

குறுக்கு விசாரணைதான் எல்லாரும் பயப்படுகிற இடம். சினிமாவில் வருகிற மாதிரி விரல் நீட்டிக் கேட்க வேண்டியதில்லை. ஒரு கேள்வியில் ஒரே ஒரு விஷயம். "ஏன்" என்று கேட்காதீர்கள், கேட்டால் அவர் ஐந்து நிமிடம் தன் நியாயத்தைச் சொல்வார், எல்லாம் பதிவாகும். பதில் உங்களுக்குத் தெரிந்த கேள்வியைத்தான் கேட்க வேண்டும். இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

"கணக்கப்பிள்ளை ஐயா, அன்றைக்குப் பின்னேர நிறுவைக்கு நீங்கள் தராசின் எந்தப் பக்கம் நின்றீர்கள்?"

"உள்பக்கம்."

"அக்கா வெளிப்பக்கம்?"

"ஆமா."

"தராசின் மேல் அப்போது அவருடைய கொழுந்துச் சாக்கு இருந்ததா?"

"இல்ல, நிறுத்து முடிஞ்சு அவ கையில எடுத்துட்டா."

"இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாரா?"

"ஆமா, பாரம்தானே."

"அதற்குப் பிறகுதான் வாக்குவாதம்?"

"ஆமா."

இங்கே நிறுத்திவிட வேண்டும். "அப்படியானால் எந்தக் கையால் தராசைத் தள்ளினார்?" என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டால் அவர் யோசித்து, "சாக்கைக் கீழ வச்சிட்டுத் தள்ளினா" என்பார். அந்தக் கேள்வியை உங்கள் கடைசி உரைக்கு எடுத்து வையுங்கள், அங்கே பதில் சொல்ல அவர் இருக்க மாட்டார். இன்னொன்று, இந்தக் கேள்விகளை அக்காவும் சாட்சிகளும் சொன்ன உண்மையிலிருந்து கட்ட வேண்டும். இல்லாததை இருப்பதாகக் கட்டினால் அவர்களும் ஒரு நாள் உங்களை அப்படியே பிடிப்பார்கள், அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் உங்கள் பேச்சுக்கு மதிப்பில்லை.

கழிவு கிலோ விஷயத்தைக் கேட்கும்போது குரல் உயரும், கவனம். அது பெரிய அநியாயம்தான், எல்லாத் தோட்டத்திலும் உள்ள புண். ஆனால் அன்றைக்கு உங்கள் தேவை ஒன்றே: எல்லாருக்கும் இரண்டு கிலோ, அக்காவுக்கு மூன்று என்பது நிறுவைப் புத்தகத்தில் தெரிகிறதா? தெரிந்தால் தூண்டுதல் நிரூபணமாகிறது. கழிவு முறையையே ஒழிப்பது வேறு நாள், வேறு மேசை.

கூடப் பேச அனுமதியில்லை என்றால் அக்காவே கேள்வி கேட்க வேண்டிவரும். அப்போது ஐந்தாறு கேள்விகளைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாசிக்கச் சிரமம் என்றால் முதல்நாள் இரவு வாயாலேயே பழக்குங்கள். அவருக்குச் சொல்ல வேண்டியது: கேள்வி விளங்காவிட்டால் "விளங்கவில்லை, தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்கலாம், தெரியாததைத் "தெரியாது" என்று சொல்லலாம், அழுகை வந்தால் ஐந்து நிமிடம் கேட்கலாம்.

முடிவில் குறிப்பை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அக்கா தமிழில் சொன்னது ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ பதிவாகும்போது, "கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னேன்" என்பது "கணக்கப்பிள்ளையை ஏசியதை ஏற்றுக்கொள்கிறேன்" என்று மாறிவிடும். எழுதுகிறவர் கெட்ட எண்ணத்தில் செய்கிறார் என்றில்லை, வேகமாக எழுதும்போது சுருங்கிவிடும், நானே அப்படிச் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். திருத்தாமல் கையெழுத்துக் கேட்டால், கையெழுத்துக்கு மேலே "எனக்கு வாசித்து விளக்கப்படவில்லை" என்று எழுதிவிட்டு வைக்கச் சொல்லுங்கள். பிரதி கேட்டு எழுதுங்கள்.

இனிப் பேச்சுவார்த்தை. இது தனித் திறமை, விசாரணையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. விசாரணையில் நடந்தது என்ன என்று நிறுவுகிறீர்கள். பேச்சுவார்த்தையில் இனி என்ன செய்யலாம் என்று பார்க்கிறீர்கள். முதலாவதில் கெஞ்சினாலும் கெடும், இரண்டாவதில் வாதாடினாலும் கெடும். பேச நல்ல நேரங்கள் இரண்டு. ஒன்று, குற்றப் பத்திரிகை வருவதற்கு முன்பு, விஷயம் இன்னும் தோட்டத்துக்குள் இருக்கும்போது. மற்றது, சாட்சியங்கள் முடிந்து தீர்ப்பு எழுதப்படுவதற்கு முன்பு. உங்கள் விஷயத்தில் முதலாவது தாண்டிவிட்டது. ஆகவே விசாரணையை நன்றாக நடத்துவதே உங்கள் பேரத்தின் மூலதனம். கணக்கப்பிள்ளை சாட்சியத்தில் தடுமாறியதைத் துரையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

துரையின் நிலையையும் கொஞ்சம் யோசியுங்கள். அவர் கொழும்புக்குப் பதில் சொல்ல வேண்டும். கணக்கப்பிள்ளையை விட்டுக்கொடுத்தால் மற்ற உத்தியோகத்தர் முகத்தைப் பார்க்க வேண்டும், அவர்களுக்கும் சங்கம் இருக்கிறது. கொழுந்து கூடிய மாதங்களில் கைத்தேர்ந்த ஒரு ஆளை இழப்பதும் அவருக்கு நட்டம்தான். தலைமையகத்துக்கு எழுதிக் காட்டக்கூடிய ஒரு முடிவை நீங்கள் கையில் கொண்டுபோனால் காரியம் நடக்கும். எடுத்துக்காட்டாக, ஏசியதற்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை, வேலை நிறுத்தி வைத்த நாட்களில் ஒரு பகுதியைத் தண்டனையாகக் கழித்து மற்றவற்றுக்குச் சம்பளம், கொஞ்ச நாளைக்கு வேறு டிவிசனில் வேலை, நிறுவையின்போது கழிவு கிலோவைத் துண்டில் எழுதிக் கொடுப்பது. கடைசியாகச் சொன்னதைக் கோரிக்கையாக வைக்காமல், "இப்படிச் செய்தால் இந்தச் சண்டை மறுபடி வராது, ஐயா" என்று வைத்துப் பாருங்கள்.

தண்டனையைக் குறைக்கப் பேசும்போது அக்காவின் சேவைக்காலம், முந்தைய பதிவு, இதேமாதிரி ஏசிய வேறொருவருக்கு முன்பு என்ன தண்டனை கொடுத்தார்கள் என்பவைதான் பலமான கருத்துகள். கஷ்டத்தைச் சொல்லலாம், ஆனால் அதிலேயே தொடங்காதீர்கள். வேலைநிறுத்த மிரட்டலை முதல் வார்த்தையாகப் போடுவது அதைவிட மோசம். பிறகு ஒரு படி இறங்கினாலும் தோற்றது மாதிரி ஆகிவிடும். தனியாகப் பங்களாவுக்குப் போய்ப் பேச வேண்டாம், இன்னொருவர் கூட இருக்கட்டும். தனியாகப் போய் வந்த தலைவர் என்ன நல்லது செய்தாலும் லயத்தில் வேறு கதைதான் பேசுவார்கள். பேசி முடித்த அன்றே "இன்று நாம் பேசியபடி" என்று தொடங்கி நாலு வரி எழுதிக் கொடுத்து, பிரதியில் ஒபிஸ் முத்திரை வாங்குங்கள். இன்னொருவர் பிரச்சினையில் சலுகை வாங்குவதற்காக அக்காவின் வழக்கை விட்டுக்கொடுப்பது என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். அந்த மாதிரிப் பேரம் எப்படியும் வெளியே வரும்.

அக்காவிடம் ராஜினாமாக் கடிதம் கேட்பார்கள். "எழுதிக் கொடுத்தால் சேவைக்காலப் பணம் முழுவதும் கிடைக்கும், நீக்கினால் ஒன்றும் கிடைக்காது" என்பார்கள். இது பாதி உண்மைகூட இல்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தியானவருக்குப் பணிக்கொடை உண்டு, நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம். மோசடி, கையாடல், வேண்டுமென்றே சொத்துக்குச் சேதம், பொருள் இழப்பு ஆகியவற்றுக்காக நீக்கினால்தான், அதுவும் ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்குத்தான் வெட்டலாம். ஏசியதற்காக வெட்ட முடியாது. ஊழியர் சேமலாப நிதி அவருடைய பணம், அதைத் தண்டனையாகப் பிடிக்க முடியாது. ராஜினாமாச் செய்தால் தொழில் நியாய சபைக்குப் போகிற வழியை அவரே அடைத்துக்கொள்கிறார் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

பொலிஸ் முறைப்பாடும் போட்டிருந்தால் இன்னொரு கண்ணி இருக்கிறது. நீதிமன்றத்துக்கு அலைய முடியாமல் "குற்றத்தை ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லிச் சின்னத் தண்டப்பணம் கட்டிவிட்டு வருவார்கள், அன்றோடு முடிந்தது என்று நினைப்பார்கள். அந்த ஏற்றுக்கொள்ளல் பிறகு கம்பனியின் கோப்பில் முதல் தாளாகப் போய் உட்காரும். சட்டத்தரணியிடம் கேட்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

எங்கே பழகுவது என்ற கேள்விக்கு வருகிறேன். புத்தகம் வாசித்து இது வராது. உங்கள் மாவட்டக் காரியாலயத்தில் முடிந்த வழக்குகளின் பழைய விசாரணைக் குறிப்புகள் இருக்கும். பெயர்களை மறைத்து இரண்டை வாசிக்கக் கேளுங்கள், எந்தக் கேள்வியில் சாட்சி உடைந்தது, எந்தக் கேள்வியில் நம் ஆள் தானே குழிக்குள் விழுந்தார் என்று கோடு போட்டு வாசியுங்கள். தொழில் நியாய சபைக்குப் போகும் பிரதிநிதியோடு ஒரு நாள் கூடப் போய்ப் பாருங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலைந்து பேர் சேர்ந்து ஒத்திகை விசாரணை வைத்துப் பாருங்கள். ஒருவர் துரை, ஒருவர் கணக்கப்பிள்ளை, ஒருவர் தொழிலாளி, ஒருவர் குறிப்பெழுதுபவர். துரை வேடத்தை நீங்களே ஒரு முறை போடுங்கள். எதிர்ப்பக்கத்து நியாயம் எங்கே பலமாக இருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கும். கடைசியில் குறிப்பெழுதியவர் எழுதியதை உரக்க வாசிக்கச் செய்யுங்கள். நீங்கள் பத்து நிமிடம் முழங்கியதில் இரண்டு வரிதான் காகிதத்தில் இருக்கும், அந்த இரண்டு வரி எது என்று பார்த்துப் பேச்சைச் சுருக்கப் பழகலாம். முறையாகப் படிக்க விரும்பினால், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் முன்பு தொழிலாளர் கல்வி நிறுவனமாக இருந்து இப்போது மனிதவள மேம்பாட்டு நிறுவனமாக இருப்பதில் தொழிலுறவு சம்பந்தமான படிப்புகள் பற்றி விசாரியுங்கள். சங்கத்தின் மூலம் கேட்டால் சுலபம்.

அக்கா சங்கத்தில் முன்னின்றவர் என்பதற்காகவே குறிவைக்கப்பட்டார் என்று சந்தேகம் இருந்தால் அதையும் தனியாகக் குறித்து வையுங்கள். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தத்தின்படி, சங்க அங்கத்துவத்துக்காகவோ சங்க வேலைக்காகவோ ஒருவரை நீக்குவது முறையற்ற தொழில் நடவடிக்கை. ஆதாரம் இல்லாமல் அதை விசாரணையில் எறிய வேண்டாம். அவர் சங்கத்தில் பேசிய நாட்கள், அதற்குப் பின் வந்த கடிதங்கள் என்று தேதி வரிசை கிடைத்தால் மட்டும்.

முடிவு பாதகமாக வந்தால், கடிதம் கைக்கு வந்த அதே வாரத்தில் மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டு போங்கள். தொழில் நியாய சபைக்கு மனுப்போடக் கால எல்லை உண்டு. துரை மனம் மாறுவார், மேலிடத்தில் பேசுகிறோம் என்று காத்திருந்தே அதைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், மனு ஒரு பக்கம் போகட்டும். சபை மீண்டும் வேலை கொடுக்கவும் கட்டளையிடலாம், அதற்குப் பதிலாக நட்டஈடும் கொடுக்கச் சொல்லலாம். எது வேண்டும் என்று அக்காவிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

இந்த வாரம் உங்களுக்கு உள்ள வேலை மூன்றுதான்: ஆவணங்கள் கேட்டுக் கடிதம், மடுவத்துப் படம், இரண்டு சாட்சிகள். கடிதத்தை அனுப்புமுன் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். நிறுவைப் புத்தகத்தில் அந்த நாளை மட்டும் கேட்காதீர்கள், முன்னும் பின்னும் ஒரு வாரத்தைச் சேர்த்துக் கேளுங்கள், மூன்று கிலோக் கழிவு அன்றைக்கு மட்டும் நடந்ததா என்பது அதில்தான் தெரியும்.